சிறுநீரகக் கட்டியில் இரத்த நாளங்கள் அடர்ந்திருந்தால் நோய் முற்றிவிட்டதா?

2024 ஜனவரி 9, வாசகர் கேள்வி

என் தந்தையாருக்கு 61 வயது. இடது சிறுநீரகத்தில் 6 செ.மீ. அளவில் கட்டி இருந்ததால் சிறுநீரகத்தையே அகற்றிவிட்டார்கள். திசு அறிக்கையில் தெளிசெல் புற்றுநோய், தரம் 2, சிறுநீரகத்துக்கு வெளியே பரவவில்லை என்று எழுதி, அதன் கீழே சிடி34 சாயத்தில் அடர்ந்த நுண்நாள வலை தெரிகிறது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். கட்டி தனக்கென்று இரத்த நாளங்களை வளர்த்துக்கொண்டுதான் பெருகிப் பரவுகிறது என்று எங்கும் படிக்கிறேன். அப்படியானால் இந்த அடர்ந்த வலை நோய் முற்றியதற்கு அடையாளமா? இந்த வரியை அம்மாவிடம் வாசித்துக் காட்டுவதா, மறைப்பதா என்பதே இப்போது வீட்டில் பிரச்சினை.

2024 ஜனவரி 9, இரவு

வாசித்துக் காட்டலாம். தெளிசெல் புற்றுநோயில் அடர்ந்த நாள வலை இருப்பது கத்தரிக்காயில் விதை இருப்பதைப் போன்றது. இல்லையென்றால்தான், திசுவைப் பரிசோதிக்கும் நோயியலாளர்களான நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, இது வேறு வகையோ என்று யோசிப்போம்.

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்த வகைதான். அகற்றிய சிறுநீரகத்தை மேசையில் வைத்து நெடுக்காகப் பிளந்தால், கட்டி பங்கனபள்ளி மாம்பழச் சதையின் நிறத்தில், இடையிடையே இரத்தம் கசிந்த கருஞ்சிவப்புத் திட்டுகளோடு தெரியும். மஞ்சளுக்குக் காரணம் செல்களுக்குள் அடைந்திருக்கும் கொழுப்பு. திசுவைப் பதப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் அந்தக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால், நுண்ணோக்கியில் செல்கள் வெறும் கூடுகளாகத் தெளிந்து நிற்கின்றன. பெயர் வந்தது அதனால்தான். அந்தக் கூடுகளின் சிறு கொத்துகளைச் சுற்றி மிக மெல்லிய நாளங்கள் ஓடுகின்றன. ஆங்கிலப் பாடநூல்கள் இதைக் கோழிக்கூண்டுக் கம்பிவலை என்கின்றன. எனக்கு முதல் நாளிலிருந்தே அது சிக்குக் கோலமாகத்தான் தெரிந்தது: புள்ளியைத் தொடாமல் புள்ளியைச் சுற்றி வளைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று சொல்ல விடாமல் ஓடும் ஒற்றை இழை.

வலை ஏன் வருகிறது என்பதற்கு இந்த நோயில் இருக்கும் அளவுக்குத் தெளிவான விடை வேறு கட்டிகளில் அரிது. மூன்றாவது குரோமோசோமின் குட்டைக் கரத்தில் விஹெச்எல் என்ற மரபணு இருக்கிறது. ஒரு செல்லுக்கு ஆக்சிஜன் குறையும்போது ஹிஃப் என்ற புரதம் அதற்குள் சேர்ந்து, நாளங்களை வரவழைக்கும் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்குமாறு ஆணையிடும். ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால், விஹெச்எல் புரதம் ஹிஃப்பைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிவிடும். தெளிசெல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த விஹெச்எல் செயலிழந்திருப்பதால், கட்டியின் செல் நல்ல காற்றோட்டத்தில் உட்கார்ந்துகொண்டே மூச்சு முட்டுகிறது என்று ஓயாமல் கூப்பாடு போடுகிறது. நாளங்களும் வந்து குவிகின்றன. விஹெச்எல் இழப்பு கட்டி உருவாகும் தொடக்கக் கட்டத்திலேயே நடந்துவிடுகிறது. ஆகவே அந்த வலை கட்டியின் பிறவிக் குணம். முற்றியபின் வந்து சேர்ந்த குணம் அல்ல.

அறிக்கையில் நீங்கள் பார்க்க வேண்டிய வரிகள் வேறு: கட்டியின் அளவு, சிறுநீரகத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் சிரைக்குள் கட்டி நுழைந்திருக்கிறதா, செல்கள் செத்த பகுதி உண்டா, கதிர்வடிவச் செல்களாக உருமாறிய பகுதி உண்டா, தரம் என்ன (செல்கள் எவ்வளவு முரடாகத் தெரிகின்றன என்பதற்கு 1 முதல் 4 வரை தரும் எண்; கூடினால் மோசம்). நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து பார்த்தால் அவை பயமுறுத்தும்படி இல்லை.

2024 ஜனவரி 11

நேற்று இன்னொருவர், நாளங்களை எண்ணி ஓர் எண்ணாகத் தர முடியாதா, அப்படித் தந்தால் குழப்பம் தீருமே என்று கேட்டிருந்தார். தரலாம். நானே தந்திருக்கிறேன். குழப்பம் தீரவில்லை என்பதற்கும் நானே சாட்சி.

1991-இல் நோயல் வெய்ட்னர் என்ற நோயியலாளரும் அவருடைய குழுவும் மார்பகப் புற்றுநோயில் நுண்நாளங்களை எண்ணி, எண்ணிக்கை கூடினால் நோய் பரவியிருக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்று காட்டினார்கள். அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு உலகத்தில் முதுநிலை மாணவர் கையில் கிடைத்த ஒவ்வொரு கட்டியிலும் நாளம் எண்ணப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. 2002-இல் என் ஆய்வேட்டுக்கும் அதே தலைப்புதான் கிடைத்தது. உறுப்பு மட்டும் சிறுநீரகம். முறை எளிது போலத் தோன்றும். நான்கு மைக்ரான் தடிமனில் திசுவைச் சீவி, நாளத்தின் உட்படலச் செல்களுக்குச் சாயமேற்றி, முதலில் குறைந்த பெருக்கத்தில் தேடி நாளங்கள் மிகவும் நெருங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு 200 மடங்கு பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்துக்குள் பழுப்பு நிறம் ஏறிய ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும். குழல் போல ஓட்டை தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. தனியே நிற்கும் ஓர் உட்படலச் செல்லும் ஒரு நாளமே. தடித்த தசைச் சுவர் உள்ளதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

நாற்பது கட்டிகளுக்கும் எண்ணி முடித்து, பச்சை அட்டை போட்ட நீள நோட்டில் எழுதிக்கொண்டுபோய் என் வழிகாட்டியிடம் வைத்தேன். அவர் ஐந்து சில்லுகளை, அதாவது திசுச் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை, உருவி, என் எண்களைப் பார்க்காமல் தாமே எண்ணினார். ஒன்றில் நான் 112 என்று எழுதியிருந்த இடத்தில் அவருக்கு 47 வந்தது. இருவரும் எண்ணிய இடம் வேறு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதிதான் சுவையானது: கோல இழை ஓரிடத்தில் அறுபட்டுத் தெரிந்தால் நான் இரண்டு என்று எண்ணினேன், அவர் ஒன்று என்று எண்ணினார். மார்பகத்தில் நாளங்கள் தனித்தனி வட்டங்களாக நிற்பதால் எண்ணுவதற்குப் பொருள் உண்டு. சிறுநீரகக் கட்டியில் ஒற்றை இழையே சுற்றிச் சுற்றி வரும்போது "எத்தனை" என்ற கேள்வியே சரியில்லை. நாளங்கள் மூடும் பரப்பு எவ்வளவு என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அதற்காகவே 25 புள்ளிகள் பொறித்த சாக்லி கண்ணாடி வில்லை ஒன்று உண்டு. கண்ணருகு வில்லையில் அதைச் செருகிச் சுழற்றி, எத்தனை புள்ளிகள் நாளத்தின் மேல் விழுகின்றன என்று பார்த்தால் போதும். அப்படி ஒன்று இருப்பது ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2024 ஜனவரி 12

மேலே "உட்படலச் செல்களுக்குச் சாயமேற்றி" என்று பொதுவாக எழுதி நகர்ந்துவிட்டேன். எந்தச் சாயம் என்பது இங்கே முக்கியம். நான் பயன்படுத்தியது, உட்படலச் செல்களில் உள்ள ஒரு புரதத்தைக் காட்டும் சிடி34. அது எல்லா நாளங்களையும் காட்டும் என்று நம்பித்தான் எண்ணினேன். அது தவறு. விரிவாகப் பிறகு எழுதுகிறேன், இன்று பணிநேரம்.

2024 ஜனவரி 20

நாளம் கூடினால் நோய் மோசமா, நல்லதா என்பதில் சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வுகள் பல ஆண்டுகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்தன. சிலர் அடர்த்தி கூடினால் ஆயுள் குறைகிறது என்றார்கள். வேறு சிலர் அடர்த்தி கூடினால் ஆயுள் கூடுகிறது என்றார்கள். தொடர்பே இல்லை என்றவர்களும் உண்டு. என் ஆய்வேட்டில் அடர்ந்த கட்டிகள் பெரும்பாலும் தரம் குறைந்தவையாக, அதாவது மென்மையானவையாக இருந்தன. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நெடுவரிசைகளை மாற்றி எழுதிவிட்டாயா அம்மா என்று கேட்டார். மாற்றி எழுதவில்லை என்று உறுதியாகச் சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை; வீட்டுக்குப் போய் இரவு முழுவதும் நோட்டைச் சரிபார்த்தேன்.

2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு என் குழப்பத்துக்கு ஒரு வாசலைத் திறந்தது. தெளிசெல் கட்டிகளில் இரண்டு வகை நாளங்கள் இருப்பதாக யாவோ, டெ குழுவினர் காட்டினார்கள். ஒன்று சிடி31 (உட்படலச் செல்களுக்கான இன்னொரு சாயம்), சிடி34 இரண்டும் ஏறும், முதிர்ந்த, முறையாக அமைந்த நாளம். மற்றது சிடி31 மட்டும் ஏறி சிடி34 ஏறாத, இன்னும் பக்குவப்படாத நாளம். முதிர்ந்த நாளங்கள் அடர்ந்திருந்த நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். பக்குவப்படாதவை அடர்ந்திருந்தவர்களுக்கு நிலைமை மோசமாக இருந்தது. சிடி34 மட்டும் போட்ட நான், நல்ல நாளங்களை மட்டும் எண்ணி, கெட்டவற்றை என் கண்ணில் படாமலேயே விட்டிருக்கிறேன். தேர்வாளருக்கு 2003-இல் சொல்லியிருக்க வேண்டிய விடை 2007-இல் கிடைத்தது.

தரம் உயர உயர வலை அறுந்துபோவதும் இதோடு பொருந்துகிறது. மென்மையான கட்டியில் கோலம் முழுதாக இருக்கும். கட்டி முரடாகும்போது செல்கள் கொத்து கொத்தாக நிற்பதை விட்டுப் பாய்களாகப் பரவுகின்றன, வலை கிழிகிறது, நடுவில் திசு செத்துப் போகிறது. ஆகவே "நாளம் வளர்ந்தால் கட்டி வளரும்" என்ற வாக்கியம் தவறல்ல என்றாலும், இந்தக் கட்டியில் அது ஆரம்பக் கதை. பின்னால் வேறு சக்திகள் வண்டியை ஓட்டத் தொடங்குகின்றன.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் அறிக்கையில் இருப்பது சிடி34. அடர்ந்த வலை, தரம் 2. இரண்டும் ஒன்றுக்கொன்று இசைவாகவே இருக்கின்றன.

2024 பிப்ரவரி 2

இரத்தத்தில் விஇஜிஎஃப் அளவு பார்க்கும் சோதனை ஒன்றைத் தனியார் பரிசோதனைக் கூடத்தில் எடுக்கச் சொல்லி உறவினர் ஒருவர் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு அப்பாவுக்கு நல்ல செருப்பு வாங்கி, மாலையில் நடக்க அழைத்துப் போங்கள்.

காரணம் சொல்கிறேன். இரத்தத்தில் இருக்கும் விஇஜிஎஃப்-இல் பெரும்பங்கு தட்டணுக்களுக்குள் பொதிந்து கிடக்கிறது. சாதாரணக் குழாயில் எடுத்த இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் உடைந்து அதை வெளியே கொட்டிவிடும். ஆகையால் உறைந்தபின் பிரிக்கும் சீரத்தில் அளந்தால், உடலுக்குள் சுற்றும் அளவு தெரியாது. குழாய்க்குள் தட்டணுக்கள் கொட்டிய அளவுதான் தெரியும். உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த குழாயில் எடுத்து, உடனே சுழற்றிப் பிளாஸ்மாவாகப் பிரித்து அளந்தால்தான் ஓரளவு பொருள் உண்டு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆய்வேட்டில் இரண்டாவது அத்தியாயம் என்று ஆசைப்பட்டு, பதினெட்டு நோயாளிகளின் சீரத்தில் எலிசா முறையில் விஇஜிஎஃப் அளந்தேன். அறுவைச் சிகிச்சை நாட்களில் குழாய்களைக் காலையில் எடுத்து, வெட்டறை வேலை முடிந்து மாலை நான்கு மணிக்குத்தான் சுழற்றுவேன். மற்ற நாட்களில் அரை மணியில் சுழற்றிவிடுவேன். முடிவுகள் வந்தபோது உயர்ந்த எண்கள் எல்லாம் செவ்வாயிலும் வெள்ளியிலும் குவிந்திருந்தன. புற்றுநோய் கிழமை பார்த்து விஇஜிஎஃப் சுரப்பதில்லை. அந்தக் கிழமைகள்தான் எங்கள் அறுவைச் சிகிச்சை நாட்கள். எலிசா பெட்டியின் விலை என் இரண்டு மாத உதவித்தொகை. அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன்.

சரியாக அளந்தவர்களும் இருக்கிறார்கள். நாள வளர்ச்சியைத் தடுக்கும் சோராஃபெனிப் மருந்தை 903 நோயாளிகளிடம் சோதித்த டார்கெட் ஆய்வில் தொடக்க நிலை விஇஜிஎஃப் அளந்தார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்தது உண்மை. ஆனால் மருந்து இரு தரப்பாருக்கும் பயன்பட்டது. இந்த வேறுபாட்டை ஒருமுறை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இனி எழுதப் போவது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது: நோய் எப்படிப் போகும் என்று சொல்லும் குறிப்பான் ஒன்று, எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் குறிப்பான் வேறு. முதல் வகை எங்களிடம் ஏராளம். இரண்டாவது வகைக்குத்தான் இருபது வருடமாகத் தவம் கிடக்கிறோம்.

2024 பிப்ரவரி 3

தட்டணு என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. பரவிய சிறுநீரகப் புற்றுநோயில் நோயின் போக்கைக் கணிக்க இன்று உலகம் முழுவதும் பயன்படும் ஐஎம்டிசி மதிப்பீடு 2009-இல் வந்தது. அதில் ஆறு கூறுகள்: நோயாளியின் பொது நடமாட்டம், நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் மருந்து தொடங்க நேர்ந்ததா என்பது, ஹீமோகுளோபின், கால்சியம், நியூட்ரோஃபில், தட்டணு. நாளம் வளர்க்கும் மரபணுவைக் கண்டுபிடித்து, அதற்கு மருந்தும் கண்டுபிடித்து, மருந்து கொடுப்பதற்கு முன் நோயாளியை வகைப்படுத்த நாம் நம்புவது எந்தச் சிற்றூர் ஆய்வகத்திலும் செய்யக்கூடிய இரத்த எண்ணிக்கையை. அந்த ஆறில் விஇஜிஎஃப்-க்கு மிக அருகில் இருப்பது, அதைச் சுமந்து திரியும் தட்டணு மட்டுமே.

2024 பிப்ரவரி 18

இரண்டாவது வகைக் குறிப்பானுக்கு மிக அருகில் நான் கண்ணால் பார்த்த பொருள், என் சித்தப்பா வீட்டு அலமாரியில் இருந்த இரத்த அழுத்தக் கருவி.

2011-இல் அவருக்கு நுரையீரலுக்குப் பரவிய தெளிசெல் நோய். சுனிட்டினிப் 50 மி.கி., நான்கு வாரம் தினமும், இரண்டு வாரம் இடைவெளி. விஇஜிஎஃப் வந்து ஒட்டும் ஏற்பிகளை உள்ளிருந்து முடக்கும் மாத்திரை அது. 750 நோயாளிகளிடம் அதை, அதற்கு முன் வழக்கமாகக் கொடுத்துவந்த இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளிவந்தபோது, நோய் மீண்டும் வளராமல் நின்ற காலம் 5 மாதத்திலிருந்து 11 மாதமாக உயர்ந்திருந்தது. அன்றைக்கு அது பெரிய செய்தி. அந்த மாத்திரை கட்டியின் நாளங்களை மட்டும் தேடிப் பிடிக்காது. உடலின் சாதாரண நுண்நாளங்கள் தளர்ந்து விரிவதற்கும் விஇஜிஎஃப் வேண்டும். அது முடங்கினால் அழுத்தம் ஏறும்.

சித்தப்பா தினமும் காலையில் அளந்து, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, கம்பியில் குத்தி வைப்பார். மூன்றாவது வாரத்தில் 128 என்பது 158 ஆனது. சித்தி ஊறுகாய் ஜாடிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மறு சந்திப்பில் மருத்துவர் அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு, அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் எழுதினார். ஆனால் முகத்தில் கவலைக்குப் பதிலாக ஒரு தெளிவு தெரிந்தது. பிரஷர் ஏறியதற்கு இவர் ஏன் சந்தோஷப்படுகிறார் என்று சித்தி வெளியே வந்து என்னிடம் கோபித்துக்கொண்டார். அந்த ஆண்டுதான் பிரையன் ரினி குழுவினர், சுனிட்டினிப் எடுத்த 544 சிறுநீரகப் புற்றுநோயாளிகளின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டிருந்தார்கள். மேலழுத்தம் 140-ஐத் தொட்டவர்களுக்கு நோய் அடங்கியிருந்த காலம் 12.5 மாதம், தொடாதவர்களுக்கு 2.5 மாதம், ஆயுள் 30.9 மாதம், மற்றவர்களுக்கு 7.2 மாதம்.

மீசையில் இன்னொரு அடையாளம் இருந்தது. மாத்திரை வாரங்களில் வளர்ந்த முடி வெள்ளையாகவும் இடைவெளி வாரங்களில் வளர்ந்தது கறுப்பாகவும், ஒவ்வொரு இழையிலும் பட்டை பட்டையாக இருக்கும். அது விஇஜிஎஃப் வழியில் வருவதல்ல. அதே மாத்திரை கிட் என்ற வேறொரு ஏற்பியையும் முடக்குவதால் நிறமி தயாரிப்பு நின்றுவிடுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு அணில் தாத்தா.

2024 பிப்ரவரி 19

அழுத்தத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு யாரும் அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஏறிய அழுத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும்; கட்டுப்படுத்தாத அழுத்தம் பக்கவாதத்தில் கொண்டு விடும்.

அந்த எண்களையும் நான் கொஞ்சம் அதிக உற்சாகத்தோடு எழுதிவிட்டேன். ஒருவர் மருந்தை நீண்ட நாள் எடுத்தால் அவருடைய அழுத்தம் அதிக முறை அளக்கப்படும். அதிக முறை அளந்தால் ஒருமுறையாவது 140-ஐத் தொடும் வாய்ப்பு கூடும். இரண்டே மாதத்தில் இறந்தவருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. 12.5-க்கும் 2.5-க்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கு இந்தக் கணக்கு விளையாட்டாக இருக்கக்கூடும். மேலும் அழுத்தம் மருந்து தொடங்கிய பிறகுதான் பேசுகிறது. எந்த மருந்தைத் தொடங்குவது என்று முன்கூட்டிச் சொல்ல அதனால் முடியாது.

2024 மார்ச் 10

ஜனவரியில், அறிக்கையில் இருந்த அந்த நாள வலை வரியால் பயன் ஒன்றுமில்லை என்ற தொனியில் எழுதினேன். அதை இப்போது பாதி திரும்பப் பெறுகிறேன்.

2018-இல் வெளியான இம்மோஷன்150 ஆய்வில், சில்லில் நாளங்களை எண்ணுவதற்குப் பதிலாக, கட்டியில் எந்தெந்த மரபணுக்கள் சத்தமாகப் பேசுகின்றன என்று ஆர்என்ஏ வழியாக அளந்தார்கள். நாள வளர்ச்சியைக் காட்டுவதற்கென்று அவர்கள் தேர்ந்தெடுத்த சிறு கூட்டத்தில் விஇஜிஎஃப் உண்டு, அதன் ஏற்பி உண்டு, நம் பழைய நண்பர்கள் சிடி31-உம் சிடி34-உம் உண்டு. நாள வளர்ச்சிக் குரல் உரத்திருந்த கட்டிகள் சுனிட்டினிப்புக்கு நன்றாகக் கட்டுப்பட்டன. குரல் தாழ்ந்திருந்தவை அவ்வளவாகக் கட்டுப்படவில்லை. அடுத்து வந்த இம்மோஷன்151 ஆய்வின் 823 கட்டிகளை 2020-இல் ஏழு கூட்டங்களாகப் பிரித்தபோது, நாளம் மிகுந்த கூட்டங்களும் நோயெதிர்ப்புச் செல்கள் மிகுந்த கூட்டங்களும் தனித்தனியே விலகி நின்றன.

அதே 2018-இல் வந்த செக்மேட் 214 ஆய்வையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தத்தில் அங்கே நோயெதிர்ப்பு மருந்துகளான நிவோலுமாப்-இபிலிமுமாப் இணைதான் வென்றது. ஆனால் ஐஎம்டிசி கணக்கில் நல்ல போக்குள்ளவர்களை மட்டும் பிரித்தபோது, கட்டி சுருங்கியது சுனிட்டினிப் எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கு, இணை மருந்து எடுத்தவர்களில் 29 விழுக்காட்டினருக்கு. நல்ல போக்குள்ள கட்டிகளில் நாளம் வளர்க்கும் குரல்தான் ஓங்கியிருக்கிறது என்று பின்னர் தெரிந்தது. பிபிஆர்எம்1 மரபணு சிதைந்த கட்டிகள் நாளம் மிகுந்தவை. பாப்1 மரபணு சிதைந்தவை நாளம் குறைந்து, தரம் உயர்ந்து, முரடாக இருப்பவை. கணையத்துக்குப் பரவும் சிறுநீரகக் கட்டி ஒரு விநோதம்: கணையம் என்றதும் குடும்பமே அழும், ஆனால் அந்த நோயாளிகள் மற்ற இடங்களுக்குப் பரவியவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள், அந்தக் கட்டிகளும் நாளம் மிகுந்தவையே.

ஆக, 2003-இல் என் நெடுவரிசைகள் தலைகீழாக இல்லை. அடர்ந்த வலை என்பது கட்டி இன்னும் தன் முதல் பழக்கத்தையே நம்பி வாழ்கிறது என்று பொருள். நம்பி வாழும் இடத்தில் அடித்தால் விழும். வலை கிழிந்த கட்டி வேறு பிழைப்பு தேடிக்கொண்டுவிட்டது.

என் கருத்து இதுதான், இதில் மறுப்பவர்கள் உண்டு: பரவிய நோயில் நாளத்தின் அடர்த்தி ஆயுளைக் கேட்கும் கேள்வியாக இருப்பதைவிட மருந்தைக் கேட்கும் கேள்வியாக இருப்பதே பொருத்தம். ஆனால் இன்றைக்கு எந்த மருத்துவமனையிலும் வழக்கமான சிகிச்சையில் இந்த ஆர்என்ஏ அளவை வைத்து மருந்து தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலானோருக்கு நோயெதிர்ப்பு மருந்தையும் நாளத் தடுப்பு மருந்தையும் சேர்த்தே தொடங்குகிறார்கள்.

2024 மார்ச் 11

ஒரு திருத்தம். முதல் குறிப்பில் ஹிஃப் என்று ஒரே புரதம் போல எழுதினேன். அதில் ஹிஃப்-1, ஹிஃப்-2 என்று உண்டு; இந்தக் கட்டியை முன்தள்ளுவது முதன்மையாக ஹிஃப்-2. இது வெறும் இலக்கணத் திருத்தம் அல்ல. ஹிஃப்-2-ஐ மட்டும் குறிவைக்கும் பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2021-இல் விஹெச்எல் பரம்பரை நோய்க்கும், 2023 டிசம்பரில் மற்ற மருந்துகளுக்குப் பின் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும் ஒப்புதல் கிடைத்தது. அதன் முக்கியப் பக்கவிளைவு இரத்தசோகை. ஏனென்றால் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டினுக்கு ஆணையிடுவதும் ஹிஃப்-2தான்.

விஹெச்எல் என்ற பெயர், விழித்திரையில் நாளக் கட்டிகளை விவரித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் ஃபான் ஹிப்பல், அவற்றைச் சிறுமூளைக் கட்டிகளோடு 1926-இல் இணைத்த சுவீடன் நோயியலாளர் லிண்டாவ் ஆகிய இருவரையும் குறிக்கிறது. மரபணு கையில் கிடைத்தது 1993-இல். ஆக்சிஜனைச் செல் எப்படி உணர்கிறது என்று விளக்கிய செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு. ஒரு கண் மருத்துவர் விழித்திரையில் பார்த்த சிவப்புப் புள்ளியிலிருந்து மாத்திரை வரை நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

2024 மார்ச் 29

அப்பாவுக்கு இப்போதே, முன்னெச்சரிக்கையாக, நாளத் தடுப்பு மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாளம்தான் வேர் என்றால் வேரை முன்பே வெட்டலாமே என்ற தர்க்கம் எனக்கும் ஒரு காலத்தில் கவர்ச்சியாக இருந்தது.

அது சோதிக்கப்பட்டுவிட்டது. மீண்டும் வரும் ஆபத்து அதிகமுள்ள 1,943 நோயாளிகளிடம், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு சுனிட்டினிப் அல்லது சோராஃபெனிப் கொடுத்துப் பார்த்த அஷ்யூர் ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. 615 பேரிடம் நடந்த எஸ்-ட்ராக் ஆய்வில் நோயின்றி இருந்த காலம் 5.6 ஆண்டிலிருந்து 6.8 ஆண்டாக உயர்ந்தது. ஆயுள் நீளவில்லை, பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. ஏன் பயன் இல்லை என்பதற்கு நான் நம்பும் காரணம் 1971-இலேயே ஜூடா ஃபோக்மன் சொன்னதில் இருக்கிறது: ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதற்குத்தான் கட்டிக்குப் புது நாளம் வேண்டும். எங்கோ ஒளிந்து கிடக்கும் நூறு செல்களுக்கு நாளமே தேவையில்லை என்றால், நாளத் தடுப்பு மாத்திரைக்கு அங்கே என்ன வேலை?

அறுவைக்குப் பின் இன்று கொடுப்பது பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து. அதுவும் ஆபத்து கூடுதலானவர்களுக்கு. 6 செ.மீ., தரம் 2, வெளியே பரவாதது என்ற உங்கள் அப்பாவின் அறிக்கைக்கு அது பொருந்தாது. ஸ்கேன் தேதிகளைத் தவறவிடாதீர்கள். மீதமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தைக் காக்க, வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்க விடாதீர்கள்.

2024 ஏப்ரல் 21

இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியதிலிருந்து பச்சை நோட்டு மேசை மேல்தான் கிடக்கிறது. சில்லுகளில் பதினொன்று என்னிடம் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. சாயம் மங்கியிருந்தாலும் பழுப்பு இன்னும் தெரிகிறது. நானும் வழிகாட்டியும் 112, 47 என்று முட்டிக்கொண்ட சில்லு அதில் இருந்தது.

நேற்று அதைப் பொறுமையாகப் பார்த்தேன். நான் எண்ணிய இடத்தைச் சுற்றி அன்று நீல மையால் போட்ட வட்டம் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. வட்டத்துக்குள் கட்டிச் செல் ஒன்றுகூட இல்லை. பழைய இரத்தக் கசிவு ஆறிக்கொண்டிருந்த ஓரம் அது. புண் ஆறும்போது முளைக்கும் இளம் நாளங்களும், இரும்புச் சத்தை விழுங்கிய பழுப்புச் செல்களும்தான் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றில் எத்தனையை நாளம் என்று எண்ணினேனோ. வழிகாட்டியின் 47, அரை செ.மீ. தள்ளி, கோலம் முழுதாக இருந்த இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். நோட்டில் 112-ஐ ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதினேன்.